குளக்கரை நடைபாதையில் சைக்கிள் விடலாமா?

#1 கரைநடை

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் நம் குளக்கரை நடைபாதை விஷயம் வருகிறது. இரண்டு முனையிலும் "சைக்கிளுக்கு அனுமதி இல்லை" என்று பலகை வைக்கச் சொல்லி ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது, நிறையப் பேர் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்கும் வந்தது. நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் நடக்கப் போவேன். முழங்கால் மூட்டு மாற்றியவர். டாக்டர் ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில் நடக்கச் சொன்னார், நம் ஊரில் அந்தக் கரையை விட்டால் அப்படி இடம் எங்கே இருக்கிறது? போன வாரம் புளியமரத் திருப்பத்தில் பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் ஒரு பையன் வந்தான். ஹேண்டில்பார் அவர் முழங்கையில் உரசியது, தடுமாறி வேலிக்கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார், விழவில்லை. பையன் "சாரி பாட்டி" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு முதல் அவர் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறார்.

இன்னொரு பக்கம், என் மகனும் அதே கரையில்தான் சைக்கிள் ஓட்டுகிறான். மெயின் ரோட்டில் விட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் கையெழுத்துப் போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. உங்கள் கருத்து என்ன?

#2 ஓய்வு_வாத்தியார்

போடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எனக்கு பைபாஸ் செய்திருக்கிறது. விடிகாலையில் கரைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஏதோ ஒன்று உடைந்து ஒட்டவைக்கப்பட்டவர்கள்தான். சிலருக்குக் காது கேட்காது, சிலருக்குக் கண்புரை. இவர்கள் நடுவில் ஹெல்மெட், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்று வருகிறதே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? குளத்தை யார் வேகமாகச் சுற்றுகிறார்கள் என்று போன் ஆப்பில் போட்டி. ஒருவர் முந்தினால் அடுத்த வாரம் இன்னொருவர் அதை முறியடிக்க வருகிறார். கேட்டால் உடற்பயிற்சி என்கிறார்கள். உங்கள் உடற்பயிற்சிக்கு என் இடுப்பெலும்புதான் கிடைத்ததா?

#3 ரெண்டுசக்கரம்

சார், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆப்பில் போட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் சைக்கிளை மொத்தமாகத் தடை செய்துவிட்டால் நாங்கள் எங்கே போவது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டம் 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் வீடு வீடாகத்தான் இருக்கிறது. ரோடு ஓரத்தில் மதில், மதிலை ஒட்டி ஓடை, ஓடைக்கு மேல் உடைந்த ஸ்லாப். இதன் நடுவில் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு டாரஸ் லாரி வரிசையாகப் போகிறது. ஒரு டாரஸ் பக்கத்தில் கடந்து போகும்போது சைக்கிளில் இருந்து பாருங்கள். முதலில் காற்று வெளியே தள்ளும், வண்டி தாண்டியதும் உள்ளே இழுக்கும், அந்த நேரத்தில் ஓடை ஸ்லாப்பில் முன்சக்கரம் மாட்டினால் முடிந்தது கதை.

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் வருகிறவர்களை மாலை போட்டு வரவேற்கிறோம், செல்ஃபி எடுக்கிறோம். உள்ளூர்க்காரன் சைக்கிளில் கடைக்குப் போக ஒரு அடி இடம் கேட்டால் பலகை வைக்கிறோம்.

#4 சாயாக்கடை_மூலை

மாலை போட்டதும் அவர்கள் ரயிலேறிப் போய்விடுவார்கள் மக்கா, நீ தினமும் வருகிறாயே, அதுதான் பிரச்சினை 😄

#5 மடைக்காரன்

எல்லாரும் அவரவர் நியாயத்தைச் சொல்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன், அந்தக் கரை யாருக்காகப் போட்டது?

பேவர் பிளாக் பதித்து, பெஞ்ச் போட்டு, ரிப்பன் வெட்டியது இப்போதுதான். அதற்கு முன்னால் அது வயலுக்குப் போகிற வழி. குளத்துக்குக் கிழக்கே இன்னும் நெல் விளைகிறது, கன்னிப்பூவும் கும்பப்பூவும் இரண்டு போகமும் செய்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறோம், வாழை போட்டவர்கள் போக மிச்சம். கும்பப்பூ நேரத்தில் தண்ணீர் முறை ராத்திரியில்தான் வரும். டார்ச்சைத் துண்டால் ஹேண்டிலில் கட்டி, மம்பட்டியைக் கேரியரில் சொருகிக்கொண்டு மடை திறக்கப் போகிறோம். ஷட்டர் திருகு துருப்பிடித்துக் கிடக்கிறது, ஒருவர் சுற்றினால் நகராது, அதனால் இன்னொரு ஆளையும் பின்னால் உட்காரவைத்துத்தான் போக வேண்டும். விளைந்தால் கதிர்க்கட்டு வருவதும் அந்த வழிதான்.

இப்போது அந்த வழியில் வாக்கிங் போகிறவர் ஒருவர் என்னை நிறுத்தி "இது நடைபாதை, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்" என்கிறார். அவர் கையில் பில்டர் காபி. எனக்கு வந்த கோபத்துக்கு... சரி விடுங்கள்.

மனுவில் விவசாயிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் படித்துப் பார்த்தேன்.

#6 கரைநடை

அண்ணாச்சி, இது எனக்குத் தோன்றவே இல்லை. மனு எழுதினவர்களுக்கும் தோன்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன், எல்லாரும் புதுக் குடியிருப்பு ஆட்கள்.

#7 ஓவர்சியர்

சர்வீஸில் முழுக்க ரோடு வேலைதான் பார்த்தேன், அதனால் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு.

ரோடு வேலைக்கு அளவு வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். கரையில் பேவர் பிளாக் பதித்த அகலம் 2 மீட்டர் சொச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெஞ்சை எங்கே போட்டிருக்கிறார்கள்? பாதைக்கு வெளியே மண்ணில் போடாமல் பிளாக் மேலேயே போட்டிருக்கிறார்கள். பெஞ்சில் ஆள் உட்கார்ந்து காலை நீட்டினால் மிச்சம் 1.2 மீட்டர். விளக்குக் கம்பமும் அப்படியே. ஒரு ஆள் நடக்க 75 சென்டிமீட்டர் என்று கணக்கு. சாதாரண சைக்கிள் ஹேண்டில் 60, இப்போது பையன்கள் வைத்திருக்கிற மலை சைக்கிள் 70-க்கு மேல். கூட்டிப் பாருங்கள். பெஞ்ச் இருக்கும் இடத்தில் ஒரு ஆளும் ஒரு சைக்கிளும் உரசாமல் கடக்கவே முடியாது, ஓட்டுகிறவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும்.

அடுத்தது அந்தப் புளியமரத் திருப்பம். அங்கே எதிரில் பத்து மீட்டருக்கு மேல் தெரியாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆளைப் பார்த்து பிரேக்கில் கை வைக்கவே ஒரு நொடி ஆகும், அதற்குள் ஐந்தரை மீட்டர் போய்விட்டது. நமக்கு ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் மறுபடி மழை, வருஷத்தில் பாதி நாள் அந்த பிளாக்கில் பாசி பிடித்துக் கிடக்கிறது. ஈரத்தில் நிற்க இன்னும் ஐந்து மீட்டராவது வேண்டும். பத்தரை மீட்டர் ஆச்சு, ஆள் நிற்பது பத்தில். அதே சைக்கிள் 10 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நாலு, நாலரை மீட்டரில் நின்றுவிடும்.

ஆக என்னைப் பொறுத்தவரை சைக்கிளை விட வேகமும் பெஞ்சும்தான் வில்லன். பெஞ்சை எடுத்து மண்ணில் போட ஒரு நாள் வேலை. அதை மனுவில் யாரும் கேட்கவில்லை.

#8 ஓய்வு_வாத்தியார்

கணக்கு சரி. ஆனால் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவேன் என்று எந்தப் பையன் போவான்? யார் அளப்பது? நீங்கள் டேப்போடு தினமும் நிற்பீர்களா? தடை என்றால் ஒரே வார்த்தையில் முடிந்தது, காவலுக்கு நிற்கிறவருக்கும் புரியும்.

#9 ரெண்டுசக்கரம்

காவலுக்கு யார் நிற்கிறார்கள் சார்? பைக் வராமல் இருக்க முனையில் நட்ட இரும்புக் குழாயில் ஒன்றைப் பிடுங்கி எத்தனை காலம் ஆகிறது. அந்த இடைவெளியில் ஸ்கூட்டர், பைக் எல்லாம் தினமும் உள்ளே வருகிறது, குளத்தில் தூண்டில் போட வருகிறவர்கள் கரை நடுவிலேயே ஸ்டாண்ட் போட்டு நிறுத்துகிறார்கள். அவர்களிடம் யாராவது வாய் திறந்தீர்களா? சைக்கிள்காரன் இளிச்சவாயன், அவனிடம்தான் சட்டம் பேசுவோம்.

#10 தக்கலைக்காரி

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன், இங்கே நர்ஸ் வேலை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து நம் ஊர்ச் சண்டையைப் படிக்க ஆசையாக இருக்கிறது 😊

இங்கே பெரியவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது, அபராதம் உண்டு. ஆனால் எட்டு வயது முடியாத பிள்ளைகள் நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும் என்றே சட்டம், தனியாகப் பிரித்த சைக்கிள் பாதை இருந்தால் மட்டும் அதில் போகலாம். பத்து வயது வரை நடைபாதையில் போக அனுமதி. சின்னப் பிள்ளை கூட 16 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் துணைக்கு நடைபாதையிலேயே ஓட்டிக்கொண்டு போகலாம். குறுக்கே தெரு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். சில இடங்களில் நடைபாதை பலகைக்குக் கீழே "சைக்கிளுக்கும் அனுமதி" என்று இன்னொரு சின்னப் பலகை இருக்கும், அங்கே பெரியவர்களும் ஓட்டலாம், ஆனால் நடக்கிற வேகத்தில்தான், நடக்கிறவருக்குத்தான் முதல் உரிமை. முன்னால் பாட்டி போனால் பாட்டி பின்னாலேயே போக வேண்டியதுதான். போகிறார்கள்.

அப்படியே எடுத்து நம் கரையில் வைக்க முடியாது, இங்கே ரோட்டோரம் சைக்கிளுக்கு என்று பாதை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நடைபாதையில் ஏறாதே என்கிறார்கள். வயது பார்த்து, இடம் பார்த்து விதி வைக்கலாம் என்பதற்காகச் சொன்னேன்.

#11 ரெட்டைப்பிள்ளை_அம்மா

வயது என்றதும் சொல்கிறேன். என் இரட்டைப் பிள்ளைகள் சைக்கிள் பழகியதே அந்தக் கரையில்தான். வீட்டு முற்றம் நாலு சுற்று சுற்றினால் தலை சுற்றுகிற அளவுக்குத்தான். ரோட்டில் எப்படிப் பழக்குவது?

அதைவிட முக்கியமான விஷயம் பிளஸ் ஒன் பிள்ளைகள். அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கிறது, மேலத்தெருப் பெண்பிள்ளைகள் அதில்தான் கரை வழியாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள். சீருடை, ரெட்டை ஜடை, முன்கூடையில் சோத்துப் பை, கேரியரில் புத்தகப் பை. வேகம் எல்லாம் கிடையாது, பேசிக்கொண்டே பைய மிதித்துப் போவார்கள். கரையை மூடினால் பஸ் நிற்காத அந்த வளைவு ரோட்டில், டாரஸ் லாரிக்குப் பக்கத்தில்தான் போக வேண்டும். ஒரு பிள்ளையின் அம்மா என்னிடம் நேராகவே சொன்னாள், "அப்படி என்றால் நான் சைக்கிளை விற்றுவிட்டு அவளை ஆட்டோவில் அனுப்புவேன், மாசம் அதற்கு எங்கே போவேன்" என்று. கையெழுத்துப் போட்டவர்கள் இதையும் படியுங்கள்.

#12 சாயாக்கடை_மூலை

பள்ளிப் பிள்ளைகள் காலை எட்டேகாலுக்கு மேல்தானே வருகிறார்கள். அந்த நேரம் வாக்கிங் கூட்டம் எல்லாம் என் கடையில் ரசவடை தின்றுகொண்டிருக்கும். நடந்து குறைத்ததை இங்கே உட்கார்ந்து ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பிரச்சினையே இல்லை.

#13 ஓவர்சியர்

சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது. நெரிசல் நாள் முழுக்க இல்லை. விடிகாலை ஐந்திலிருந்து ஏழரை, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு. நடுவில் கரை காலியாகக் கிடக்கிறது, கழுதை மேய்ந்தாலும் கேட்க ஆள் இல்லை. அந்த இரண்டு நேரத்துக்கு மட்டும் இறங்கித் தள்ளு என்று வைத்தால் என்ன?

சட்டம் பற்றியும் ஒன்று. மோட்டார் வண்டி நடைபாதையில் ஏறக் கூடாது என்று 2017 வாகன ஓட்டுதல் விதிகளிலேயே இருக்கிறது, அதற்குப் புதுப் பலகைகூட வேண்டாம், இருக்கிற சட்டத்தை நடத்தினால் போதும். சைக்கிள் மோட்டார் வண்டி இல்லை, அதனால் அதற்கு ஊரில் தீர்மானம் போட்டால்தான் பலகைக்கு ஒரு பலம். பாட்டரி சைக்கிளில் ஒரு சிக்கல் இருக்கிறது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது என்றால் லைசென்ஸ் வேண்டாம், அதுவும் மோட்டார் வண்டிக் கணக்கில் வராது. ஆனால் கரையில் 25 என்பது பெரிய வேகம். தீர்மானத்தில் அதைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், கரை நீர்வளத்துறையுடையது, பிளாக் பதித்தது நம் உள்ளாட்சி. இரும்புக் குழாய் நட, பள்ளம் தோண்ட எல்லாவற்றுக்கும் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். குளம் நிரம்பினால் தண்ணீர் வழிகிற மறுகால் பக்கம் யாரும் கடப்பாரையோடு போய்விடாதீர்கள், கரை பலவீனமாகிவிடும்.

#14 நாரைநோட்டம்

பறவை பார்க்க வருகிறவன். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், வந்த பிறகு எல்லாருக்கும் குளத்தின் மேல் திடீர்ப் பாசம். நல்லதுதான். நம் குளம் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் தேரூரில் இறங்குகிற நாரையும் அரிவாள்மூக்கனும் இங்கேயும் வரும், அவற்றுக்குப் பட்டியல் தெரியாது.

சைக்கிளால் பறவை பெரிதாகக் கலைவதில்லை, நான் பார்த்தவரை. ஆள் நின்று கை நீட்டிக் காட்டினால்தான் பறக்கும். ஆனால் வடக்குக் கரையில் பிளாக் பதிக்காத மண் பகுதி இருக்கிறதே, மழை நாளில் அதில் தடித்த டயர் ஓட்டி ஓட்டிச் சால் விழுந்து, தண்ணீர் தேங்கி, சரிவு கரைகிறது. அந்தத் துண்டில் மட்டும் மழைக்காலத்தில் யாரும் ஓட்ட வேண்டாம். அங்கேதான் தாழைப் புதரும் இருக்கிறது.

#15 மடைக்காரன்

மழைக்காலத்தில் வேண்டாம் என்றால் நான் மடைக்கு எப்போது போவேன்? மழைக்காலத்தில்தானே போக வேண்டும். கரை உடையாமல் பார்த்துக்கொண்டிருப்பதே நாங்கள்தான், சரிவு கரைந்தால் மண் சாக்கு அடுக்குவதும் நாங்கள்தான்.

#16 நாரைநோட்டம்

உங்களைச் சொல்லவில்லை அண்ணாச்சி, பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்களைச் சொன்னேன். மடைக்குப் போகிறவர்களை யாரும் எந்த நேரத்திலும் தடுக்கக் கூடாது, அதை எழுத்திலேயே போட்டுவிடலாம்.

#17 ரெண்டுசக்கரம்

எங்கள் குழுவில் பேசினேன். வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் ஞாயிறு விடிகாலையில் சங்குத்துறை, சொத்தவிளை, மணக்குடி வழியாகக் கன்னியாகுமரிக்குக் கடற்கரைச் சாலையிலேயே போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. சுனாமியில் அடித்துப்போன மணக்குடிப் பாலத்தைத் திரும்பக் கட்டியதால் அந்த வழி இருக்கிறது, அந்த நேரத்தில் டாரஸும் இல்லை. எதிர்க்காற்று கொல்லும், பயிற்சிக்கு அதுவும் நல்லதுதான். குளச் சுற்றுப் போட்டியை ஆப்பிலிருந்து எடுக்க ஆபத்தான இடம் என்று புகார் போட்டிருக்கிறோம்.

ஆனால் வாரநாளில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கரை வேண்டும். ஏழரைக்கு மேல் என்றால் சம்மதம். பெல் கட்டாயம் என்றும் போடுங்கள், எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேர் விலை கூடின சைக்கிளில் பெல் அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றி வைத்திருக்கிறார்கள். சவம், முப்பதாயிரம் கொடுத்து வாங்கத் தெரிகிறது, ஒரு பெல் மாட்டத் தெரியவில்லை.

#18 ஓய்வு_வாத்தியார்

பெல் அடித்தால் எங்களில் பலர் பயந்து தப்பான பக்கம் ஒதுங்குவார்கள். பக்கத்தில் வந்து அடிக்கக் கூடாது, தூரத்திலேயே ஒரு தடவை அடித்துவிட்டு வேகத்தைக் குறைத்து வர வேண்டும். அதையும் சொல்லிக் கொடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் பெண்களில் சிலருக்கு அக்காமார் என்னிடம் படித்தவர்கள். பாவம், அவர்கள் ஏன் லாரிக்கு அடியில் போக வேண்டும்.

#19 கரைநடை

பழைய மனுவில் கையெழுத்துப் போடவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, இங்கே பேசியதை வைத்துப் புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன். காலை 5 முதல் 7.30, மாலை 5 முதல் 7, இந்த இரண்டு நேரத்திலும் சைக்கிளை இறங்கித் தள்ள வேண்டும். மற்ற நேரத்தில் பைய ஓட்டலாம், நடக்கிறவருக்கு முதல் உரிமை. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரியவர் துணையோடு எப்போதும் ஓட்டலாம். மடைக்கும் வயலுக்கும் போகிறவர்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பாட்டரி சைக்கிளை எந்த நேரமும் தள்ளித்தான் போக வேண்டும். பெஞ்சுகளை மண்ணுக்கு மாற்ற வேண்டும், புளியமரத் திருப்பத்தில் குவிகண்ணாடி வைக்க வேண்டும், பிடுங்கிய இரும்புக் குழாயைத் திரும்ப நட வேண்டும்.

என் மகனிடமும் படித்துக் காட்டினேன், "ஸ்கூல் விட்டு அஞ்சு மணிக்குத்தானே எனக்கு ஓட்டவே நேரம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். பன்னிரண்டு வயது, எந்த விலக்கிலும் வரவில்லை.

#20 ரெட்டைப்பிள்ளை_அம்மா

அக்கா, குழாயைத் திரும்ப நடும்போது சக்கர நாற்காலி நுழைகிற அகலம் விடச் சொல்லி எழுதுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் அந்தக் குழாய் பிடுங்கிய பிறகுதான் கரைக்கே வர ஆரம்பித்தார்.

#21 ஓவர்சியர்

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். 90 சென்டிமீட்டர் விட்டால் நாற்காலி தாராளமாகப் போகும். ஸ்கூட்டரும் போகும், அதுதான் தொல்லை. குழாய்க்குப் பின்னால் ஒரு தடுப்பை எதிரெதிராக வைத்து வளைந்து நுழைகிற மாதிரி செய்யலாம், ஆனால் நாற்காலி திரும்ப நடுவில் ஒன்றரை மீட்டர் விட வேண்டும். படம் வரைந்து மனுவோடு இணைத்துத் தருகிறேன்.

#22 மடைக்காரன்

வளைந்து நுழைகிற வழியில் கதிர்க்கட்டு வைத்த சைக்கிள் போகாது. மடைப் பக்க முனையில் பூட்டு போட்ட கேட் ஒன்று வையுங்கள், தாக்கோல் எங்கள் பாசனச் சங்கத்தில் இருக்கட்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆபீசில் போய் யாரிடம் கேட்பது?

#23 கரைநடை

சேர்த்துவிட்டேன். சனிக்கிழமை வரை சாயாக்கடையில் மனு இருக்கும், வந்து படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

#24 ஓய்வு_வாத்தியார்

நானும் போடுகிறேன். ஆனால் காலை 7.30 என்பதை 8 என்று மாற்ற வேண்டும் என்று என் கையெழுத்துக்குக் கீழே தனியாக எழுதித்தான் போடுவேன். மார்கழியில் பனி விலகவே ஏழு ஆகிறது, எங்களைப் போன்றவர்கள் அதற்கப்புறம்தான் இறங்க முடியும்.

#25 ரெண்டுசக்கரம்

8 என்றால் நான் 8.10 பஸ்ஸைத் தவறவிடுவேன் சார். மார்கழிக்கு மட்டும் 8 என்று எழுதுங்கள், நானும் உங்கள் கீழேயே கையெழுத்துப் போடுகிறேன்.

#26 சாயாக்கடை_மூலை

மனு மேல் ஏற்கெனவே யாரோ சாயாக் கிளாஸை வைத்து வட்டம் போட்டுவிட்டார்கள். இன்னொரு நகல் கொண்டுவாருங்கள் அக்கா.